கடைசிக் கால் மணி நேரம் ஓடாத டிவிடிகள்

மேலூர்ப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு இசை நாடகம் தொடங்கும். பபூன் வந்து சிரிக்கவைத்து, ஆர்மோனியக்காரரோடு வம்பிழுத்து, கதை ஒருவழியாக முடிவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். 2008 முதல் இவற்றை கேமராவில் பிடித்து, வீட்டுக் கணினியில் டிவிடியாகப் பதிந்து உறவினர்களுக்குக் கொடுத்துவந்தேன். 4.7 ஜிபி தட்டில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு நாடகத்துக்கு நான்கு தட்டுகளாவது ஆகும்.

தட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்க லேபிள் ஒட்டினேன். மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய ஏ4 தாளில் இரண்டிரண்டு வட்டம். படத்தோடு அச்சடித்து, நடுவில் முளை வைத்த பிளாஸ்டிக் அச்சில் வைத்து அழுத்தினால் கடைத் தட்டு தோற்றுப்போகும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு வருடம் ஒரு புகாரும் இல்லை. மூன்றாம் வருடம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்திருந்த அத்தைதான் ஆரம்பித்தார். “நன்றாகத்தான் ஓடுகிறதடா. கடைசிக் கால் மணி இருக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, சாமி வந்ததுபோல் ஆடி, அப்படியே நின்றுவிடுகிறது.”

பிளேயரின் லென்ஸைத் துடைத்தேன். மலிவுத் தட்டு என்று திட்டினேன். பிறகுதான், எனக்கென்று மார்க்கர் பேனாவால் எண் மட்டும் எழுதி வைத்திருந்த பிரதிகளைப் போட்டுப் பார்த்தேன். அதே பெட்டித் தட்டுகள், அதே இரவில் பதிந்தவை. கடைசி நொடிவரை ஓடின. இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஒரு மணி நேரம் மட்டுமே பதிந்த அரைகுறைத் தட்டுகளில் லேபிள் இருந்தும் தொல்லை இல்லை.

டிவிடியில் பதிவு நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. லேபிள் ஒட்டிய தட்டு ஒன்றை மேசைக் கண்ணாடிமேல் படம் மேலே தெரியும்படி வைத்தேன். விளிம்பு தாம்பாளம்போல் எழும்பியிருந்தது. ஓர் அஞ்சலட்டை அடியில் தாராளமாக நுழைந்தது. ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சிய காகிதம் அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது தட்டையும் தன் பக்கம் இழுக்கிறது. மேற்குச் சுவரை ஒட்டி நின்ற என் இரும்பு பீரோ இந்த வேலையைச் சீக்கிரமே முடித்திருக்கும். வளைவு அதிகம் தெரிவது விளிம்பில், கடைசிக் காட்சி இருக்கும் இடத்தில். சிடியில் பதிவுத் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி, டிவிடியில் 0.74தான். சற்றே சாய்ந்தாலும் லேசர் தடுமாறுகிறது. என்னிடமிருந்த பாட்டு சிடிகள் லேபிளோடும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன.

சூட்டுக்கும் இதில் பங்குண்டு. அத்தை வீட்டில் நின்றுபோன அதே தட்டை, காலையில் பிளேயர் குளிர்ந்திருக்கும்போது போட்டு நேரே கடைசிக் காட்சிக்குத் தாவினால் ஓடியது. தொடக்கத்திலிருந்து பார்த்தால் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. கணினியில் வேறு கதை. 16 மடங்கு வேகத்தில் தட்டு நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். லேபிள் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டியிருந்தாலும் மேசையே அதிரும். வேகத்தைக் குறைத்துத்தான் பெரும்பாலானவற்றை ஹார்ட் டிஸ்க்கில் மீட்டேன்.

லேபிளை உரிக்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஒரு சிடியில் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன். காகிதத்தோடு வெள்ளிப் பூச்சும் வந்துவிட்டது. தட்டைத் தூக்கிப் பிடித்தால் டியூப்லைட் தெரிந்தது. சிடியின் பதிவு லேபிள் பக்கத்து மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது என்பதை அன்றுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆனால் ஒரு டிவிடியின் லேபிளைப் பாதி உரித்தபோது தட்டு முன்னைவிட மோசமாக ஆடியது.

மைத்துனர் காரில் நடந்தது தனிக் கூத்து. தட்டை விழுங்கும் வகை பிளேயர். உள்ளே லேபிளின் ஓரம் பிரிந்துகொண்டதால் தட்டைத் திருப்பித் தரவே இல்லை. பிளேயரைக் கழற்றி எடுக்க 600 ரூபாய்.

அமெரிக்காவின் தர, தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2003-ல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, நீண்டகாலம் காக்க வேண்டிய தட்டுகளில் லேபிள் ஒட்ட வேண்டாம் என்றே சொல்கிறது. நான் தொடங்குவதற்கு ஐந்து வருடம் முன்பே!

இப்போது நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் தண்ணீர் மை மார்க்கரால் எண் மட்டும் எழுதுகிறேன். விவரம் நோட்டுப் புத்தகத்தில். “மொட்டைத் தட்டாகக் கொடுக்கிறாயே” என்று அத்தைக்குக் குறை. அவருக்கு மட்டும் படத்தை அச்சடித்து, உறைக்குள் செருகிக் கொடுக்கிறேன்.