தூமனா டான்டோங்கா? எல்லைல இருந்து வடகொரியா பாக்க எது பெஸ்ட்

ரெண்டுமே சீனாவுல வடகொரியா எல்லை ஊருதான், ரெண்டு ஊர் ஆறும் ஒரே மலைல இருந்துதான் பொறப்படுது. டான்டோங் பெரிய சிட்டி, யாலு ஆறு செம அகலம், எதிர்க்கரைல வடகொரியாவோட சினூயிஜூ ஊரு. 1950ல அமெரிக்க விமானங்க குண்டு போட்ட பாலம் பாதியோட அப்படியே நிக்குது, டிக்கெட் வாங்கிட்டு அந்த உடைஞ்ச நுனி வரைக்கும் நடந்து போலாம், படகு சவாரியும் உண்டு. ஹோட்டல், கூட்டம் எல்லாம் இருக்கு, அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

என் ஓட்டு தூமனுக்குத்தான். சின்ன ஊரு, ஆறும் சின்னதுதான், கரைல நின்னா எதிர்ல வடகொரியாவோட நம்யாங் ஊரு வீடுங்க, ஸ்டேஷன் எல்லாம் தெளிவா தெரியும், குளிர்காலத்துல ஆறு ஒறஞ்சிடும், 90கள்ல வடகொரியாவுல பஞ்சம் வந்தப்ப எத்தனையோ பேர் உயிரை கையில பிடிச்சிக்கிட்டு இந்த ஆத்தைத் தாண்டி வந்தாங்க, அத தெரிஞ்சிக்கிட்டு பாக்கும்போது மனசு கனத்துப் போகுது. இந்த ஊர்ல கொரிய வம்சாவளி மக்கள் ரொம்ப அதிகம், 19ஆம் நூற்றாண்டுலயே பஞ்சத்துக்கு பயந்து ஆத்தைத் தாண்டினவங்களோட வாரிசுங்க நெறைய பேரு, 1952ல இருந்து இது யான்பியன் கொரிய தன்னாட்சிப் பகுதில இருக்கு. கடை போர்டு பூரா ரெண்டு மொழி, மார்க்கெட்ல கிம்ச்சி (கொரியக் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய்), ஐஸ் மிதக்குற குளிர் நூடுல்ஸ் கண்டிப்பா சாப்பிடுங்க. டான்டோங்லயும் கொரியர்கள் இருக்காங்க ஆனா இந்த அளவுக்கு இல்ல.

போறதும் ஈஸி, சாங்சுன்ங்கிற சீன நகரத்துல இருந்து 2015லேயே ஹைஸ்பீட் ரயில் வந்திடுச்சு, தூமன் வடக்கு ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம். போட்டோ எடுக்கறப்ப மட்டும் ராணுவத்துக்காரங்க பக்கம் கேமராவ திருப்பாதீங்க.