18,400 ரேண்ட் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் கொடுத்துப் போனான்

ரெண்டு நாளாகத் தூக்கமில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் சின்னதாகக் கணக்கு ஆபீஸ் வைத்திருக்கிறேன். கடைக்காரர்களுக்கு வாட் கணக்கு, சம்பளக் கணக்கு போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. பேக்கப் சாஃப்ட்வேர் போட்டுத் தரும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனிடம் 18,400 ரேண்ட் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். கேஸ் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை.

எப்படி நம்பினேன்? இந்த ஊரில் கோவெண்டர், மூட்லி, பிள்ளே என்று தெருவுக்குத் தெரு போர்டு இருக்கும். 1860இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்களே, அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற ஜனம். ஆனால் கடைத்தெருவில் தமிழில் வாய்விட்டுப் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். இவன் உள்ளே வந்ததும், "அண்ணே, நமக்கு சாத்தூர் பக்கம்" என்றான். நான் கோவில்பட்டிக்காரன். அங்கேயே விழுந்துவிட்டேன்.

உட்கார்ந்து, என் பேனாவையே வாங்கி, ஒரு டெலிவரி நோட்டின் பின்பக்கம் எழுதினான். நான் அட்மின். என் வீட்டம்மா ரீஸ்டோர் மட்டும், அதாவது பேக்கப்பிலிருந்து திரும்ப எடுக்க மட்டும். டைப் செய்கிற ரெண்டு பெண்கள், பேக்கப் ஓடியதா என்று பார்க்க மட்டும். பயிற்சிக்கு வந்த பையனுக்கு ஒன்றுமே கிடையாது. "யாராவது தெரியாம அழிச்சிட்டா?" என்று கேட்டேன். "அதெல்லாம் லாக் பண்ணியாச்சு அண்ணே, நிம்மதியாத் தூங்குங்க" என்றான். பில்லில் 'யூசர் பர்மிஷன், 5 பேர்' என்று தனியாகவே 6,500 போட்டிருந்தான். சேர்த்து 18,400. அன்றைக்கே கட்டினேன். அந்தச் சீட்டு இன்னும் என் டிராயரில் இருக்கிறது. அதில் எழுதியது அத்தனையும் சரி. சாஃப்ட்வேரில்தான் எதுவும் இல்லை!

போன வாரம் கரண்ட் போய் வந்ததில் சர்வர் டிஸ்க் செத்துவிட்டது. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத் திறந்தால், லிஸ்ட் காலி. ஒன்பது நாளைக்கு முன்னால், ராத்திரி 9:40க்கு, யாரோ பேக்கப் ஜாபையும் (காப்பி எடுக்கிற ஏற்பாட்டையும்) அதன் ஃபைல்களையும் சேர்த்தே டெலீட் செய்திருக்கிறார்கள். யார் என்று, யார் என்ன செய்தார்கள் எனப் பதிவாகும் லாகில் பார்த்தேன். 'அட்மின்'. மேலே கீழே எங்கே தேடினாலும் அந்த ஒரே பெயர். ஐந்து பேருக்கும் ஒரே அக்கவுன்ட், ஒரே பாஸ்வேர்ட். அவனுடைய டெக்னீஷியன் வீட்டிலிருந்து உள்ளே வருவதும் அதே பாஸ்வேர்டில்தான். எச்சரிக்கை மெயில் போனதும் அந்த டெக்னீஷியனுக்கே.

போன் செய்தேன். "உங்க ஆளுதான் அழிச்சிருப்பாங்க அண்ணே." எப்படிடா தெரியும், எல்லாருக்கும் ஒரே பேர்தானே? "உங்க வசதிக்குத்தான் அப்படி வெச்சோம்." மறுநாள், "ஓனர் கேப் டவுன் போயிருக்கார்." அதற்கு மறுநாள் எடுத்தது ஒரு பெண், அவளுக்குத் தமிழ் தெரியாது, அண்ணனும் இல்லை, சாத்தூரும் இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. 18,400 ரேண்ட் சாமி! வரி ரெக்கார்டை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டிய ஊர் இது. என்னை நம்பிக் கொடுத்தவர்களுக்கு நான் என்ன சொல்ல?

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. பணம் கொடுக்கும் முன் ஒவ்வொருவர் பெயரிலும் நீங்களே லாகின் செய்து, அவன் கண் முன்னாலேயே ஒரு டெஸ்ட் பேக்கப்பை அழித்துப் பாருங்கள். அழிந்தால் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸில் 'பேக்கப் ஆபரேட்டர்ஸ்' குரூப்பில் கண்டவரையும் சேர்க்க விடாதீர்கள், ஃபோல்டரைப் பூட்டியிருந்தாலும் அவர்களால் பேக்கப் வழியாக எடுத்துவிட முடியும். ஒரு காப்பியை வயரைக் கழற்றிய டிரைவில் தனியாக வையுங்கள். தொகை 20,000 ரேண்டுக்குள் என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் உண்டு, அங்கே வக்கீலுக்கே இடமில்லை. முதலில் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். நான் நேற்றுக் கொடுத்துவிட்டேன்.

ஃபீனிக்ஸ் கடைக்காரர் மூன்று பெட்டி பழைய பில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணணும், வருகிறேன்.