டெப்பெஷ் மோடா, பெட் ஷாப் பாய்ஸா, ஓ.எம்.டி.யா? அறுபது வயதுக்காரர்களின் சிந்த்-பாப்பில் மூன்று வழிகள்

2023 மார்ச் முதல் 2024 ஏப்ரல் வரையிலான சுமார் பதின்மூன்று மாதங்களில் மூன்று பழைய பிரிட்டிஷ் சிந்த்-பாப் (சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை மையமாக வைத்த பாப்) குழுக்கள் புது ஆல்பம் போட்டன. முதலில் டெப்பெஷ் மோடின் ‘மெமென்டோ மோரி’, அப்புறம் ஓ.எம்.டி.யின் (ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க்) ‘பாவ்ஹவுஸ் ஸ்டேர்கேஸ்’, கடைசியாகப் பெட் ஷாப் பாய்ஸின் ‘நான்தெலெஸ்’. மூன்றுமே பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை வந்து நின்றுவிட்டன. முதல் தடவை வழிமறித்தது லானா டெல் ரே, மற்ற இரண்டு தடவையும் டெய்லர் ஸ்விஃப்ட்.

இவர்கள் யாருக்கும் புது ஆல்பம் போட்டாக வேண்டிய கட்டாயம் இல்லை. எண்பதுகளின் ஹிட்டுகளை வரிசையாக வாசித்தாலே அரங்கு நிறையும். புதுப் பாட்டு ஆரம்பித்தால், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா கேண்டீனுக்கு எழுந்து போகிற நம்மூர்க் கூட்டம் மாதிரி அங்கேயும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அப்படியிருந்தும் ஏன் போடுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு மூவரும் சொல்லும் பதில் வேறு வேறு. பிற்காலத்தை ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

டெப்பெஷ் மோடிலிருந்து தொடங்குகிறேன், கூட்டம் அவர்களுக்குத்தான் அதிகம். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் பாசில்டனில் 1980-ல் உருவான குழு. 1990-ல் ‘வயலேட்டர்’ அவர்களை உச்சத்தில் கொண்டுபோய் வைத்தது, அடுத்த ஆறு வருஷம் கிட்டத்தட்ட சுடுகாடுவரை இழுத்துப் போனது. ஒலிக்கோவையின் மூளையாக இருந்த ஆலன் வைல்டர் 1995-ல் விலகினார். 1996-ல் பாடகர் டேவ் கான் போதை மருந்து அளவு மீறி, லாஸ் ஏஞ்சலஸில் இதயம் நின்று பிழைத்தார். அதற்கு மறுவருஷம் ‘அல்ட்ரா’ வந்ததே ஆச்சரியம்.

2005-க்குப் பிறகு அவர்கள் ஒரு தாளகதிக்குள் போய்விட்டார்கள். 2005, 2009, 2013, 2017 என்று நாலு வருஷத்துக்கு ஒரு ஆல்பம், பின்னாலேயே ஒரு உலக டூர், அப்புறம் ஓய்வு. ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன்: 2009-லும் 2013-லும் வந்த ஆல்பங்களில் எனக்குத் தேறியது ஆளுக்கு மூன்று பாட்டுதான். மற்றதெல்லாம் டூருக்கு அடித்த நோட்டீஸ்.

‘மெமென்டோ மோரி’ அந்த வரிசையில் சேராது. தலைப்பையும் பெரும்பாலான பாட்டுகளையும் குழுவின் பாட்டாசிரியர் மார்ட்டின் கோர் முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார். ‘மரணத்தை மறவாதே’ என்று பொருள்படும் லத்தீன் தொடர் அது. 2022 மே மாதம், ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்த ஆண்டி ஃப்ளெட்சர் அறுபது வயதில் இறந்துபோனார். எழுதி வைத்த தலைப்பு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ‘கோஸ்ட்ஸ் அகெய்ன்’ வீடியோவை ஆன்டன் கார்பின் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். கானும் கோரும் மொட்டை மாடியில் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். மூன்று பேர் இருந்த குழுவில் இப்போது பலகைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவர்தான். ஆனால் பாட்டு அழவில்லை. அடியில் துள்ளலான தாளம், அதன் மேலே கோரின் சின்ன கிதார் இழை. துக்க வீட்டில் யாரோ பழைய வேடிக்கை ஒன்றைச் சொல்லி எல்லோரும் சிரிக்கும் நேரம் இருக்குமே, அந்த மாதிரி.

ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்ட். பெட் ஷாப் பாய்ஸின் ‘நான்தெலெஸ்’ ஆல்பத்துக்கும் அவரேதான். ஒரே சமையல்காரர் இரண்டு வீட்டில் சமைத்ததை அடுத்தடுத்து சாப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு எப்போதும் கிடைக்காது. கோரின் வீட்டு ஸ்டுடியோவில் ஃபோர்ட் இடத்தைக் காலி செய்கிறார்: ‘மை காஸ்மோஸ் இஸ் மைன்’ பாட்டில் அரைகல் உருளுவது போன்ற ஒரு துடிப்பு, அதைச் சுற்றி வெறும் இருட்டு. பெட் ஷாப் பாய்ஸின் நீல் டென்னன்டுக்கும் கிறிஸ் லோவுக்கும் அவர் அறையை நிரப்பித் தருகிறார்: வயலின்கள், பித்தளைக் குழல்கள், அதன் நடுவே எழுபதை நெருங்கியும் தடிக்காத டென்னன்டின் மெல்லிய குரல். ‘டான்சிங் ஸ்டார்’ பாட்டு, 1961-ல் பாரிஸ் விமான நிலையத்தில் சோவியத் காவலர்களிடமிருந்து தப்பிய பாலே கலைஞர் ருடால்ஃப் நூரேயெவைப் பற்றியது. அதை எண்பதுகளின் டிஸ்கோ தாளத்தில் வைத்துப் பாடுகிறார்கள். வேறு யாருக்கும் தோன்றாது.

பெட் ஷாப் பாய்ஸ் 1981-ல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு மின்னணுக் கருவிக் கடையில் சந்தித்துக்கொண்ட இருவர். அன்றிலிருந்து பிரிந்ததே இல்லை, ஆளும் மாறவில்லை. அதனால் ‘திரும்பி வந்தார்கள்’ என்று தலைப்புப் போடப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பே தரவில்லை. இவர்களுடைய பிற்காலம் மேடுபள்ளம்தான். 2002-ல் கிதாரைத் தூக்கினார்கள், பாதி ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2004-ல் ட்ராஃபால்கர் சதுக்கத்தில் ‘போட்டெம்கின்’ மௌனப் படத்துக்குத் தாங்கள் எழுதிய இசையைத் திறந்தவெளியில் வாசித்தார்கள். 2011-ல் ஒரு பாலே, 2014-ல் கணினி முன்னோடி ஆலன் டூரிங்கைப் பற்றி பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில் ஒரு நீண்ட படைப்பு. எதைத் தொட்டாலும் பொன்னாகவில்லை, ஆனாலும் தொட்டார்கள்.

நான் அவர்கள் பக்கம் சாய்ந்தது ஒரு பத்து மாதக் கணக்கால். 2012 செப்டம்பரில் ‘எலிஷியம்’ வந்தது: மெதுவான, வயதை நினைத்துப் பெருமூச்சு விடும் ஆல்பம். கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 2013 ஜூலையில் ஸ்டூவர்ட் பிரைஸைத் தயாரிப்பாளராக வைத்து, சொந்த லேபிளில், முழுக்க முழுக்க ஆட்டத்துக்கென்றே ‘எலெக்ட்ரிக்’ போட்டார்கள். அதே ஆட்கள்தானா என்று அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. டெப்பெஷ் மோட் இத்தனை சீக்கிரம் தன் மனதை மாற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஓ.எம்.டி. கதை வேறு. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் விர்ரல் (Wirral) தீபகற்பத்தில் 1978-ல் ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் தொடங்கியது. மெக்ளஸ்கிக்கு எல்லாம் ஆரம்பித்தது 1975 செப்டம்பரில், லிவர்பூல் எம்பயர் அரங்கில் ஜெர்மன் மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கைக் கேட்ட இரவில். உட்கார்ந்திருந்த இருக்கை எண்ணைக்கூட இன்றும் சொல்கிறார். 1989-ல் ஹம்ஃப்ரீஸ் பிரிந்தார். பிரிட்பாப் என்ற தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் அலையில், கிதார்களின் நடுவே சிந்தசைசருக்கு மதிப்பில்லாமல் போக, 1996-ல் மெக்ளஸ்கி கடையையே மூடினார். சும்மா இருக்கவில்லை: அட்டாமிக் கிட்டன் என்ற பெண்கள் குழுவை உருவாக்கி, ஸ்டூவர்ட் கெர்ஷாவோடு சேர்ந்து எழுதிய ‘ஹோல் அகெய்ன்’ 2001-ல் முதலிடம் போனது. அந்தக் கெர்ஷாதான் இப்போது ஓ.எம்.டி.யின் டிரம்மர். முந்தைய டிரம்மர் மால்கம் ஹோம்ஸ் 2013-ல் டொரான்டோ மேடையிலேயே இதயம் நின்று சரிந்து, உயிர் பிழைத்து, ஒதுங்கினார்.

பத்து வருஷம் மூடிக் கிடந்து மறுபடி திறந்ததால் அவர்களுக்கு ஒரு லாபம். 2010 முதல் போட்ட நான்கு ஆல்பங்களிலும் ‘இதைப் போட்டே ஆக வேண்டும்’ என்ற சலிப்பு இல்லை. 2013-ன் ‘இங்கிலிஷ் எலெக்ட்ரிக்’ அவற்றில் உச்சம். அதில் கிராஃப்ட்வெர்க்கின் கார்ல் பார்ட்டோஸோடு எழுதிய ஒரு பழைய பாட்டையும் புதுப்பித்திருக்கிறார்கள். ‘பாவ்ஹவுஸ் ஸ்டேர்கேஸ்’ அந்த அளவுக்கு இல்லை. 2019-லேயே வெளியான ‘டோன்ட் கோ’வை அதில் மறுபடி செருகியது எனக்குக் கொஞ்சம் உறுத்தல். ஆனால் ‘க்ளெப்டாக்ரசி’ இனிமையாக வந்து பல்லைக் காட்டுகிற பாட்டு.

ஒரே ஒரு ஆல்பம் என்றால் ‘மெமென்டோ மோரி’, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. 1993-க்குப் பிறகு டெப்பெஷ் மோட் செய்ததில் அதுதான் கனமானது. இருபது வருஷப் பிற்காலத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால் பெட் ஷாப் பாய்ஸ்தான். சறுக்கல்களும் அவர்களிடம்தான் அதிகம். வருஷா வருஷம் எதையாவது முயன்றால் சறுக்கத்தானே செய்யும். சிந்த்-பாப்பே புதிது என்பவர்கள் ‘எலெக்ட்ரிக்’கில் ஆரம்பிக்கலாம், ‘எலிஷியம்’ பக்கம் முதல் மாதம் போக வேண்டாம்.

ஓ.எம்.டி.யை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். மூவரில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை, டூர் வீடியோக்களே கதி. மெக்ளஸ்கி மேடையில் ஆடும் ஆட்டத்துக்கு ‘பயிற்சி ஆசிரியர் நடனம்’ என்று கிண்டலாக ஒரு பெயர் உண்டு. பேஸ் கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு, கை ஒருபக்கம் கால் ஒருபக்கம் வீசி, அறுபதைத் தாண்டியும் ஒரு அசைவைக்கூட அவர் குறைத்துக்கொள்ளவில்லை.