ரெட் மென்பொருள்: நாளுக்கு 50 வண்டிக்கு மேல் ஓடும் சாலைக்கு மட்டும்

கிராமச் சாலையில் முதலீடு செய்வது லாபமா என்று கணக்கிட உலக வங்கி இலவசமாகத் தரும் ரெட் (RED, சாலைப் பொருளாதார முடிவு மாதிரி), பார்த்தால் எக்செல் கோப்புதான். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் மண், கிராவல் சாலைகளுக்காக உருவானது. நாளொன்றுக்கு 50 முதல் 200 வண்டிகள் ஓடும் சாலையில் பணம் போடலாமா என்று சொல்ல, எச்.டி.எம்.-4 என்ற பெரிய சாலை மதிப்பீட்டு மென்பொருள் கேட்கும் அளவுக்கு இது தரவு கேட்பதில்லை. அதற்காகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைய நிலையோடு மூன்று மாற்றுகளை ஒப்பிட இடம் உண்டு. பலரும் மூன்றிலும் முழுநீள வேலையையே நிரப்புகிறார்கள். ஒன்றையாவது, கெட்ட இடங்களை மட்டும் சரிசெய்யும் துண்டு வேலைக்கு விடுங்கள். 10 கி.மீ. சாலை மழையில் அடைபடுவது பெரும்பாலும் ஓர் ஓடையாலும் இரண்டு சேற்றுப் பள்ளத்தாலும்தான். ஒரு தரைப்பாலமும் நாலு கல்வர்ட்டும் (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறு வழி) போதும். வழி கெட்டுப்போகும் நாள்களுக்கென்று இருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டால் இந்தப் பலன் கணக்கிலேயே வராது.

நாளுக்கு ஓடும் 100 வண்டிகளுக்கும் ஓட்டும் செலவில் கி.மீ.க்குத் தலா ரூ.4 மிச்சமானால், ஒரு கி.மீ. சாலைக்கு ஆண்டுக்கு ரூ.1,46,000. சாலை நன்றானதால் புதிதாக வரும் 20 வண்டிகளுக்குப் பாதிதான் சேரும்: ரூ.14,600. ஆகவே எல்லாம் வண்டி எண்ணிக்கையில் நிற்கிறது. சந்தை நாளில் மட்டும் எண்ணினால் எந்தச் சாலையும் தேறிவிடும். சந்தை நாள் உட்பட 7 நாளும், மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறையும் எண்ணுங்கள். டீசல், டயர் விலையை வரி நீக்கியே போட வேண்டும்.

பெரிய குறை, சாலை தேய்வதை இது தானாகக் கணக்கிடாது. நீங்கள் தரும் சராசரி ஐ.ஆர்.ஐ.யை (சாலையின் மேடுபள்ளத்தைக் காட்டும் அளவு; குறைந்தால் சாலை நல்லது) அப்படியே நம்பும். கிராவலுக்கு 6 என்று எழுதிவிட்டுப் பராமரிப்புச் செலவை விட்டுவிட்டால் விடை அழகாக வரும், சாலை வராது. 5 மீட்டர் அகலச் சாலை ஆண்டுக்கு 20 மி.மீ. இழந்தால் கி.மீ.க்கு 100 கனமீட்டர் கிராவல் போச்சு. அதைத் திரும்பக் கொட்டும் செலவைச் சேருங்கள். சந்தேகமான எண்களுக்குக் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று தந்து இடர் பகுதியையும் ஓட்டிப் பாருங்கள்.

50 வண்டிக்குக் கீழே இதைத் தொட வேண்டாம். அங்கே போக்குவரத்து என்பது நடையும் தலைச்சுமையும் சைக்கிளும். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், எத்தனை பேர் பயனடைவார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். 2000-இல் தொடங்கிய இந்தியாவின் பிரதமர் கிராமச் சாலைத் திட்டமும் சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் என்று மக்கள்தொகையை வைத்தே தொடங்கியது.

முன்னுரிமைப் பட்டியலை நிகர இன்றைய மதிப்பை (வருங்காலப் பலனிலிருந்து செலவைக் கழித்து இன்றைய பணத்தில் சொல்லும் தொகை) மட்டும் வைத்து அடுக்கினால் நீளமான சாலைகளே மேலே ஏறிக்கொள்ளும்; அதை முதலீட்டால் வகுத்து அடுக்குங்கள்.