மில் லாக்ஸ் ஏரியில் புழு ஹார்னஸ்: எது வாங்கலாம், எது வேண்டாம்

அவசரக்காரர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மினசோட்டா ஏரிகளில் ஜூலை, ஆகஸ்டில் வால்ஐ என்ற நன்னீர் மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், மேக்ஸ் லூர் கம்பெனியின் ஸ்மைல் பிளேடு (சுழலும் சிறு தகடு) கோத்த ‘ஸ்லோ டெத்’ ரிக், அதாவது நரம்பும் முள்ளும் கட்டித் தயாராக விற்கும் தொகுப்பு, வாங்குங்கள். கூடவே இரையை அடியில் இறக்கும் ஈய எடையான பாட்டம் பவுன்சர், இரண்டு அவுன்ஸில் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கடைகளில் அட்டையில் சுற்றித் தொங்கவிட்டிருக்கும் மலிவு விலை இரட்டை முள் ஹார்னஸ் பக்கம் போகவே வேண்டாம்.

நாங்கள் இருப்பது செயின்ட் கிளவுடில். மில் லாக்ஸுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். 16 அடி அலுமினியப் படகு, பின்னால் பழைய பெட்ரோல் மோட்டார், முன்னால் படகை மெதுவாக நகர்த்தும் மின்சார ட்ரோலிங் மோட்டார். தூண்டில் என் பொறுப்பு, படகு ஓட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. இந்தப் பிரிவினையில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் தக்கை கட்டி உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புது மாதிரியாக இருக்கும். மில் லாக்ஸ் கிட்டத்தட்ட 1,32,000 ஏக்கர் ஏரி. அவ்வளவு பெரிய ஏரியில் மிக ஆழமான இடமே 42 அடிதான். வடக்குப் பாதியில், ஆழத்தின் நடுவே சேற்று மேடுகள் எழும்பி நிற்கின்றன. கோடைத் தொடக்கத்தில் அந்தச் சேற்றிலிருந்து மேஃபிளை என்ற பூச்சியின் புழுக்கள் கிளம்பி மேலே வரும்போது, வால்ஐ அங்கே போய் வயிறு முட்டத் தின்னும். அப்புறம் மேடு மேடாகச் சிதறிவிடும். ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு உட்கார்ந்தால் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மீனைத் தேடி நாம்தான் போக வேண்டும். அதனால் இரையை இழுத்துக்கொண்டே மெதுவாகப் படகை ஓட்டுகிறார்கள். தண்ணீர் சூடாக இருக்கும் மாதங்களில் மீனுக்குப் பசியும் சுறுசுறுப்பும் கூடுதல் என்பதால், ஓடுகிற இரையைத் துரத்தவும் அது தயங்காது.

புழு ஹார்னஸ் என்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. மூன்றிலிருந்து ஆறடி தூண்டில் நரம்பு, அதில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய இரண்டு முள், முன்னால் சில மணிகள், அதற்கும் முன்னால் சுழலும் பிளேடு ஒன்று. முதல் முள்ளில் புழுவின் தலை, இரண்டாவதில் நடு உடம்பு. புழு நேராக நீண்டிருக்க வேண்டும். சுருண்டு கிடந்தால் மொத்தமும் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும்.

இனி அந்த மலிவு ஹார்னஸ். பாக்கெட்டைப் பிரித்ததும் முள்ளை நகத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். நல்ல முள் என்றால் நகத்தில் கொத்தி நிற்கும், இது வழுக்கிக்கொண்டு போனது. நரம்பு அட்டையில் சுற்றியிருந்த வளைவை விடவே இல்லை. வெந்நீரில் நனைத்து இழுத்துவிட்டும் தண்ணீரில் ஸ்பிரிங் மாதிரி நின்றது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிளேடைத் தாங்கும் குட்டிக் கொண்டியில்தான் பெரிய குறை. பெயிண்ட் தடிப்பாகப் பூசி, துளை அடைத்த மாதிரி இருந்தது. படகு மணிக்கு ஒரு மைல் வேகத்தில் போகும்போது பிளேடு சுற்றவில்லை, சும்மா தொங்கிக்கொண்டு வந்தது. சுற்றாத பிளேடுக்கு எதற்குக் காசு? படகோரத்தில் நரம்பைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துப் பார்த்தால் பத்தே விநாடியில் தெரிந்துவிடும். எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் ஆழத்தில் விடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஸ்மைல் பிளேடு உலோகம் இல்லை, மைலார் பிளாஸ்டிக். காற்று மாதிரி லேசு. படகு நகர்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் வேகத்திலும் அது சுற்றும். சிறகை விரலால் கொஞ்சம் மடித்தால் சுழற்சி மாறும். ஸ்லோ டெத் ரிக்கில் பிளேடுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு முள், அதுவும் வளைத்துவிட்ட முள். அரைப் புழுவை முள்ளின் வளைவு வழியாக மேலே ஏற்றிக் கோத்தால், இழுக்கும்போது புழுவே திருகாணியாகச் சுழலும். முழுப் புழு வேண்டாம் என்பது பர்ஸுக்கும் நல்லது. ஆனால் ஒரு ஸ்விவல் (சுழலும் சிறு இணைப்பு) இல்லாமல் கட்டாதீர்கள், நரம்பு முறுக்கிக்கொள்ளும். கலங்கிய தண்ணீரிலும் பலத்த காற்றிலும் பிளாஸ்டிக் பிளேடு போதாது. அங்கே வட்டமான உலோகக் கொலராடோ பிளேடின் அதிர்வு தேவை. நான் அதற்குத் தனியாகத் தங்க நிறம், ஆரஞ்சு இரண்டும் வைத்திருக்கிறேன். கடையில் ஐம்பது நிறம் இருக்கும், மயங்க வேண்டாம்.

காசை நிறத்தில் போடாதீர்கள், ஈயத்தில் போடுங்கள். பாட்டம் பவுன்சர் என்பது வளைந்த கம்பியில் நடுவே ஈயம் வைத்த சாதனம். கம்பியின் கால் அடித்தரையைத் தட்டிக்கொண்டு போகும், ஹார்னஸ் அதற்குப் பின்னால் சற்று மேலே மிதந்து வரும். பத்தடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ் என்பது இங்குள்ள கணக்கு. சேற்று மேடுகளில் 20 முதல் 30 அடி ஆழம் என்பதால் இரண்டு அல்லது மூன்று அவுன்ஸ். நரம்பு தண்ணீருக்குள் 45 பாகை சாய்வில் இறங்க வேண்டும். அதைவிடப் படுத்துவிட்டால் எடை போதவில்லை, அல்லது படகு வேகம். கம்பி தரையைத் தட்ட வேண்டும், உழக்கூடாது. தூண்டில் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டால் டொக், டொக் என்று தெரியும். தாங்கியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் இந்த உணர்வு கிடைக்காது.

வேகம் என்று வந்ததும் வீட்டுக்காரர் ஞாபகம். ஸ்லோ டெத்துக்கு மணிக்கு அரை மைலிலிருந்து ஒரு மைல், உலோகப் பிளேடுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை. பெட்ரோல் மோட்டார் என்னதான் குறைத்தாலும் இரண்டுக்குக் கீழே இறங்குவேனா என்கிறது. அவருக்கோ அடுத்த மேட்டில்தான் மீன் இருக்கிறது என்று எப்போதும் தோன்றும். ‘ஏங்க, இது பஸ் இல்லைங்க’ என்று சொல்லிப் பார்த்தாயிற்று. ஜிபிஎஸ்ஸில் வேகத்தைக் காட்டும் எண்ணைப் பெரிதாக்கி அவர் கண்ணெதிரே வைத்த பிறகுதான் படகில் அமைதி. ட்ரோலிங் மோட்டார் இல்லாதவர்கள் காற்று தள்ளும் போக்கில் படகை விடலாம், தண்ணீரில் இழுபட்டுத் தடுக்கும் துணிப் பை ஒன்று பின்னால் கட்டினால் வேகம் குறையும்.

காற்றைக் கண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வால்ஐயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் இரைக்குத் தெரியாதது அதற்குத் தெரியும். அதனால்தான் விடியலும் அந்தியும் நல்ல நேரம், நடுப்பகலில் காற்றால் சிற்றலை உடைந்து தண்ணீருக்குள் வெளிச்சத்தைக் குறைத்தால் அதுவும் நல்லதே. கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிற்கும் மதியத்தில் பேசாமல் சாப்பிடலாம்.

புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. டப்பாவில் விற்கும் நைட்க்ராலர் என்ற பெரிய மண்புழு பெரும்பாலும் தென்மேற்கு ஒன்டாரியோவின் வயல்களில், இரவில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் குனிந்து கையால் பொறுக்குவது. அந்த வேலையை நினைத்தால் டப்பா விலை அதிகம் என்று வாய் வராது. ஐஸ்பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. மிஞ்சியதைக் கரையில் கொட்டக் கூடாது. மினசோட்டா காடுகளுக்கு மண்புழு வந்தேறி, அங்கே இலைச்சருகு அடுக்கையே தின்று தீர்த்துவிடுகிறது. மூடிக் குப்பையில் போடுங்கள்.

பெர்ச், ப்ளூகில் என்ற சிறு மீன்கள் புழுவின் வாலைக் கடித்துக் கடித்து உயிரை வாங்கும். படபடவென்று தட்டினால் அவைதான், கண்டுகொள்ளாதீர்கள். வால்ஐ வேறு மாதிரி: கம்பு சட்டென்று கனக்கும், ஏதோ களையில் மாட்டியது போல. உடனே வெட்டி இழுக்காமல் கம்பு நுனியைப் பின்னால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அப்புறம் நீளமாக இழுங்கள். வால் இல்லாத புழு திரும்பி வந்தால் முழுதாக மாற்றிவிடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

எத்தனை மீன் எடுத்து வரலாம் என்பதில் மில் லாக்ஸுக்குத் தனிச் சட்டம். 1837 ஒப்பந்தப்படி இங்கே மீன்பிடிக்கும் உரிமை ஓஜிப்வே பழங்குடி மக்களுக்கு உண்டு என்று 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மீன்வளத்தை அவர்களும் மாநில அரசும் சேர்ந்து பங்கிடுகிறார்கள், அளவும் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் நாளில் பாருங்கள். கோடையில் ஆளுக்கு ஒரு தூண்டில்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரிக்குகளைப் பெட்டிக்குள் போட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிள்ளைகள் நீச்சல்குளத்தில் பிடித்துக்கொள்ளும் நுரைக்குழாயை முழ நீளத்துக்கு வெட்டி, அதில் முள்ளைக் குத்தி நரம்பைச் சுற்றி வையுங்கள். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் உருளையைவிட இது மலிவு, படகிலிருந்து கை தவறி விழுந்தாலும் மிதக்கும்.