வாங்கிய குதிரையும் பிசைந்த குதிரையும்

மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இரண்டு மாதிரிக் குதிரைகள் நிற்கின்றன. ஒன்றை ‘நிற்கிறது’ என்று சொல்வது மரியாதைக்காக மட்டும். அது சுவரில் சாய்ந்திருக்கிறது. கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த, பிரேயர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் குதிரை அது. மற்றது நானே கம்பி வளைத்து, பசை பிசைந்து செய்தது. மூன்றாவதற்குக் காசு சேர்ந்தபோது வாங்குவதா, செய்வதா என்று இரண்டு மாதம் குழம்பினேன். கடைசியில் செய்வதென்றே முடிவெடுத்தேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அழகில் போட்டியே இல்லை, வாங்கியதுதான் அழகு. பிரேயர் நிறுவனம் 1950 இல் ஒரு கடிகாரத்துக்கு அலங்காரமாகக் குதிரை வார்த்துக் கொடுத்ததில் தொடங்கி, இன்றுவரை அதையே தொழிலாக வைத்திருக்கிறது. அதன் பெரிய அளவுக் குதிரைகள் உண்மைக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. மறுவிற்பனையிலும் அதுவே மேல், ஆனால் அமெரிக்காவில் இருந்தால். அங்கே கென்டக்கியில் 1990 முதல் இதற்கென ஆண்டுவிழாவே நடக்கிறது. அபூர்வமான வார்ப்புக்கும் நிறத்துக்கும் கண்காட்சிகளில் தனிப் பிரிவு உண்டு. மட்டக்களப்பில் விற்கப் போனால் மாமாங்கத் திருவிழாக் கடையின் பொம்மை விலைதான் கேட்பார்கள்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. கச்சான் என்றால் வெளியூர்க்காரருக்கு வறுத்த கடலை நினைவு வரும். நமக்கு அது காற்றும்கூட. வைகாசி கடந்து அது வீசத் தொடங்கினால் தகரக் கூரையின் கீழ் பகலில் இருக்க முடியாது. பிரேயர் குதிரை செலுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டப்பட்டது, உள்ளே வெறுமை. உடல் முழுவதையும் நான்கு மெல்லிய கால்கள் தாங்க வேண்டும். சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் இளகும்; முதலில் கால்தான் வளையும். முதல் கச்சானிலேயே மச்சானின் குதிரை ஒரு பக்கம் சரிந்தது. வளைந்த காலைச் சுடுநீரில் பிடித்து, மெல்ல நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் அமிழ்த்தினால் நேராகிவிடும். ஆனால் அது அடுத்த கச்சான்வரைக்கும்தான். மூன்று முறை நிமிர்த்திவிட்டேன். மூன்றாம் முறை குளம்பருகே வர்ணமும் கொஞ்சம் கிளம்பியது.

சூடு போனால் வாடை வரும், ஈரத்தோடு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மார்கழியில் எங்கள் வீட்டுக் கடதாசிகூட நமத்துப்போகும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அசிட்டேட் நாளடைவில் சிதைந்து வினாகிரி வாசம் விடும். பழைய படச்சுருள்களைக் கெடுப்பதும் இதே வியாதிதான். மச்சானின் குதிரை இன்னும் நாறவில்லை. ஐந்து வருடம்தான் ஆகிறது, அதனால் பெருமைப்பட அவசரம் இல்லை.

இனி பிசைந்த குதிரை. நீர்க்குழாய் ஒழுக்கை அடைக்கக் கடையில் விற்கும் இரு கூறு எபொக்சிப் பசைதான் அதன் தசை. இரண்டையும் சம அளவில் பிசைந்தால் ஏறக்குறைய அரை மணி நேரம் வேலை செய்யலாம். கச்சானில் அதுவும் குறையும், அதனால் நான் விடியற்காலையில் பிசைகிறேன். கையுறை கட்டாயம், தோலை அரிக்கும். உள்ளே கம்பிச் சட்டம், வயிற்றுக்குக் கசக்கிய அலுமினியத் தாள். காய்ந்தால் களிமண் போலச் சுருங்காது. முன்பு காற்றில் காயும் களிமண்ணில் ஒன்று செய்தேன். காயக் காயக் கம்பி நெடுகிலும் வெடித்தது, மழைக்காலத்தில் பூஞ்சணமும் பிடித்தது. அது கோழிக்கூட்டின் மேல் கொஞ்ச நாள் இருந்தது.

பசைக் குதிரை உடையாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அக்காவின் மகள் தூக்கிப் பார்த்து, இடது பின்னங்கால் கையோடு வந்துவிட்டது. அழ ஆயத்தமானாள். அன்று மாலையே இரண்டு முனையிலும் துளையிட்டு, துண்டுக் கம்பி சொருகி, புதுப் பசை வைத்து, மறுநாள் அரத்தாளால் தேய்த்து வர்ணம் பூசினேன். முறிந்த இடம் இப்போது எனக்கே தெரியவில்லை. வாங்கிய குதிரையில் இதைச் செய்தால் தொழிற்சாலை வர்ணம் போய்விடும். மாதிரிக் குதிரைப் போட்டிகளில், தொழிற்சாலை வர்ணம் மாறாதவற்றுக்கான ‘மூல வர்ணம்’ பிரிவிலும் அது நிற்க முடியாது. பசைக் குதிரைக்குத் தேவையானதெல்லாம் சந்திக் கடையில் கிடைப்பது ஒன்றே எனக்குப் போதும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் குதிரைக்குக் கொத்தனாரிடம் வாங்கிய கட்டுக்கம்பியைப் போட்டேன். உப்புக்காற்றில் குளம்பின் அடியிலிருந்து துரு ஊறி வந்தது. இப்போது செப்புக் கம்பிதான்.

வார்ப்புப் பிசின் (ரெசின்) குதிரைகளும் உண்டு. சிற்பி செய்த மூலத்திலிருந்து கொஞ்சமாக வார்த்து, வர்ணமின்றி விற்பார்கள். சூட்டில் அவற்றின் மெல்லிய கால்களும் வளையக்கூடும். நான் பூசியது ஒரே ஒரு சிறியது, அதனால் மேலே பேச எனக்கு உரிமை இல்லை.

காட்சிக்கு வைப்பதென்றால் நமக்கு வாய்த்தது படப் போட்டிதான்: படமெடுத்து அனுப்பினால் நடுவர்கள் பார்ப்பார்கள். இனத்துக்குரிய உடலமைப்பும் நிறமும் முதலில் எடைபோடப்படும். இதில் கைவேலைக்கு ஆரம்பத்தில் அடிதான். வேட்டைத் திருவிழாவின் குதிரை வாகனத்தைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. முதல் குதிரைக்கு மார்பு புடைத்து, கழுத்து வில்லாகிவிட்டது. பிறகுதான் தலையின் நீளத்தை அளவுகோலாக்கினேன்: தோள்மேட்டு (கழுத்து முதுகோடு சேரும் மேடு) உயரம் ஏறக்குறைய இரண்டரைத் தலை, உடல் நீளமும் அவ்வளவே. கல்லடிக் கடற்கரையில் படமெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மணலைச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். ஒன்பதில் ஒரு பங்குக் குதிரையின் காலடியில் நம் மணல் சரளைக்கல் போல விழும்.

மூன்றாவது, நெடுந்தீவுக் குதிரை. 12 கை உயரம் என்று வைத்திருக்கிறேன்; குதிரையை அளக்கும் ‘கை’ என்பது நான்கு அங்குலம். அது 122 செ.மீ., ஒன்பதால் வகுத்தால் பதின்மூன்றரை. தலை ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. கம்பிச் சட்டம் முடிந்து, கழுத்துவரை பசை ஏறியாகிவிட்டது. மச்சானின் குதிரையை அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய துவாயின் மேல் பக்கவாட்டில் படுக்க வைக்கப் போகிறேன். கச்சான் ஓயும்வரை அதன் கால்களுக்கு விடுமுறை.