ரங்கூன் போறீங்களா, பாத்ரூம் ஹீட்டர கொஞ்சம் பாத்துக்குங்க

தை மாசம் ரங்கூன்ல காலைல நல்லாவே குளிரும், 18 டிகிரிக்கே நம்ம ஆளுங்க ஸ்வெட்டர் தேடுவாங்க, அதனால இப்ப நிறைய வீட்டுல, சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல கூட இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டிட்டாங்க. எனக்கு சிங்கப்பூர்ல எலக்ட்ரிக்கல் வேலை, எங்க போனாலும் கண்ணு மொதல்ல பாத்ரூம் சீலிங்குக்குதான் போகும் (வீட்டுக்காரிக்கு இதுல ஏக கடுப்பு). பெரியவங்க, சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டு ஊருக்குப் போறவங்களுக்கு உபயோகப்படுமேன்னு எழுதறேன்.

மொதல்ல கெஸ்ட் ஹவுஸ். பேர் வேணாம், டவுனுக்குள்ளதான். ஹீட்டர் பளபளன்னு புதுசு, உள்ளயே லீக்கேஜ் பிரேக்கர் (கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகற சுவிட்ச்) இருக்கு, டெஸ்ட் பட்டன அமுக்கினேன், டக்குனு கட் ஆகணும்ல, ஆகல. லைட்டும் அப்படித்தான், ஷவருக்கு நேர் மேல சாதா பல்ப் ஹோல்டர், துருப்பிடிச்சது, கைய தூக்குனா எட்டும். ஷவர் இருக்கற இடத்துல தரையிலேருந்து 2.25 மீட்டர் உயரம் வரைக்கும், அதத் தாண்டி பக்கவாட்டுல 60 சென்டிமீட்டர் வரைக்கும் தண்ணி தெறிச்சாலும் உள்ள போகாத ஃபிட்டிங்தான் போடணும், அட்டப்பெட்டில ஐபிஎக்ஸ்4 இல்ல அதுக்கு மேல போட்டிருக்கும். ரிசப்ஷன்ல சொன்னா அந்தப் பையன் ரொம்ப மரியாதையா "ஒண்ணும் ஆகாது அக்கோ (பர்மால அண்ணே), எல்லாரும் குளிக்கிறாங்க"ங்கறான். ஆனா வேற ரூம் கேட்டதும் முகம் சுளிக்காம அஞ்சே நிமிஷத்துல மாத்திக் குடுத்தான், அத சொல்லியே ஆகணும். அந்த ரூம்ல டெஸ்ட் பட்டன் வேலை செஞ்சுது, ஆனா சுவிட்ச் ஷவர் பக்கத்துலயே ஈரக் கைக்கு எட்டற தூரத்துல. நான் ஆஃப் பண்ணிட்டு வாளில மொண்டு ஊத்திக் குளிச்சேன், அதுவும் நம்ம ஊர் குளியல்தானே.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, டெஸ்ட் பட்டன் வேலை செஞ்சா எர்த் (கசியற கரண்ட தரைக்குக் கொண்டு போற வயர்) இருக்குன்னு அர்த்தம் இல்ல. அந்தப் பட்டன் பிரேக்கர மட்டும்தான் சோதிக்கும். எர்த் இல்லாட்டியும் 30 மில்லி ஆம்ப் லீக்கேஜ் பிரேக்கர் விழும் (கட் ஆகும்), ஆனா எப்ப விழும்னா லீக் ஆன கரண்ட் உங்க உடம்பு வழியா தரைக்குப் போறப்ப. எர்த் இருந்துச்சுன்னா ஹீட்டர் கெட்டுப்போன அந்த நேரமே, நீங்க உள்ள நுழையறதுக்கு முன்னாடியே விழுந்துடும்.

அடுத்தது ரங்கூன்லயே போட்டத்தாங்ங்கற பகுதில மாமா வீடு, நாலாவது மாடி. 3500 வாட் ஹீட்டர மூணு பின் ப்ளக்ல சொருகி, அந்த ப்ளக்க எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகி வச்சிருக்காங்க. 230 வோல்ட்ல அது 15 ஆம்ப் இழுக்கும், 13 ஆம்ப் ப்ளக் தாங்குமா, பின்னுக்குப் பக்கமெல்லாம் பழுப்பாகி உருகிப்போச்சு. சுவத்து சாக்கெட்ட கழட்டிப் பாத்தா வயர் ரெண்டே ரெண்டுதான், எர்த் துளைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல. மாமாகிட்ட சொன்னா, "டேய் மாப்ள, இத்தன நாளா குளிக்கிறோம், யாருடா செத்தா? எப்பவாவது குழாய தொட்டா லேசா சுருக்குங்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா சரியாயிடும்"னாரு. அத்தை பின்னாடி நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டுறாங்க. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

மறுநாள் மீஸயா (அங்க எலக்ட்ரீஷியன அப்படித்தான் கூப்பிடுவாங்க, சுருக்கமா ஸயா) ஒருத்தர கூட்டிட்டு வந்தோம், பர்மாக்காரர், கை சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனா எர்த் வேணும்னதும் அவர் மொதல்ல பண்ணப் போனது என்னன்னா நியூட்ரல்லேருந்து (லைன்ல வர்ற கரண்ட் திரும்பிப் போற வயர்) ஒரு துண்டு வயர் எடுத்து எர்த் பின்ல கொடுக்கறது. இத மட்டும் யார் செஞ்சாலும் தடுத்துடுங்க. நியூட்ரல் எங்கயாவது அறுந்தா ஹீட்டர் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும். அதுவும் ரங்கூன்ல கரண்ட் மணிக்கணக்குல போகுது, வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர், அத ரெண்டு பின் ப்ளக்ல இணைக்கறாங்க, அந்த ப்ளக்க திருப்பிப் போட்டாலும் ஏறும், திருப்பிப் போட்டா லைன் நியூட்ரலாயிடும் நியூட்ரல் லைனாயிடும், அப்ப எர்த்னு நெனச்ச வயர்லயே லைன் ஓடும். இதே காரணத்தாலதான் ஹீட்டருக்கு ரெண்டு வயரையும் சேத்து வெட்டற டபுள் போல் சுவிட்ச் வேணுங்கறேன், ஒத்த வயர வெட்டற சுவிட்ச்ச ஆஃப் பண்ணாலும் இன்னொரு வயர்ல கரண்ட் இருக்கலாம். சிங்கப்பூர்ல பாத்ரூமுக்கு வெளிய 20 ஆம்ப் டபுள் போல் சுவிட்ச் இருக்கறது சும்மா இல்ல. அங்கயே பழைய வீடுகளுக்குக் கூட 2025 ஜூலை 1க்குள்ள லீக்கேஜ் பிரேக்கர் போட்டாகணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க.

ஸயா நான் சொன்னத பொறுமையா கேட்டுக்கிட்டாரு. பின் சந்துல செம்பு ராடு அடிச்சு அங்கேருந்து நாலாவது மாடி வரைக்கும் பச்ச வயர் இழுத்தாரு (கீழ் வீட்டுக்காரங்ககிட்ட பர்மிஷன் வாங்கறதுதான் ராடு அடிக்கறத விட கஷ்டம், டீ வாங்கிக் குடுத்து சமாளிச்சோம்). மீட்டர் பக்கத்துலேருந்து ஹீட்டருக்குன்னு தனியா 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) வயர், 30 மில்லி ஆம்ப் லீக்கேஜ் பிரேக்கர், சுவிட்ச் கதவுக்கு வெளிய, ப்ளக்கே கெடையாது. இன்வெர்ட்டர் லைன்ல ஹீட்டர கண்டிப்பா சேக்கக் கூடாதுன்னு அவரே சொன்னாரு, மனுஷன் கில்லாடி. வோல்டேஜ் 180க்கு இறங்குனா 3500 வாட் ஹீட்டர் 2100 வாட் கிட்டதான் குடுக்கும், தண்ணி வெதுவெதுன்னுதான் வரும், அதுக்காக பெரிய ஹீட்டர் வாங்கிடாதீங்கன்னு மாமாவுக்கு ஒரு பாட்டு பாடிட்டு வந்தேன்.

லைட் மட்டும் தமாஷ். கரண்ட் போறப்ப எரியட்டும்னு அத்தை 12 வோல்ட் பேட்டரில ஒரு சின்ன எல்இடி மாட்டி வச்சிருந்தாங்க, அந்த பாத்ரூம்லயே பயமில்லாம தொடக்கூடியது அது ஒண்ணுதான். மேல இருந்த பழைய ஹோல்டர கழட்டிட்டு அதையே நிரந்தரமாக்கிட்டோம்.

ஊர்ல வேலை கொடுக்கறவங்க ஒண்ணு பாத்துக்குங்க, வயர் இழுக்கறது கரண்ட் இல்லாத நேரத்துல, டெஸ்ட் பண்றது கரண்ட் வந்தப்புறம், அதனால ஸயாவ ரெண்டு நேரமும் சேர்ற மாதிரி வரச்சொல்லுங்க, இல்லன்னா பாதில போயிடுவாரு. பொருள நீங்களே கடையில நின்னு வாங்கிக் குடுங்க, கூலிய முன்னாடியே பேசிடுங்க.